ராஜ்தூத் 350 கைக்கு வந்தால்: சீரமைக்கலாமா என்று முடிவெடுக்கும் முறை

பூட்டிக் கிடக்கும் வீட்டின் பின்கட்டிலோ, நெல் மூட்டை அடுக்கும் கொட்டகையின் மூலையிலோ தார்ப்பாய் போர்த்தி நிற்கும் ஒரு ராஜ்தூத் 350 மோட்டார் சைக்கிளை முதன்முதலாகப் பார்ப்பவருக்குக் கை பரபரக்கும். தூசியைத் துடைத்து, டேங்கைக் கழற்றி, இன்ஜினை இறக்கி, இரண்டே மாதத்தில் சாலையில் ஓட்டிவிடலாம் என்று தோன்றும். அப்படி ஆசையோடு கழற்றப்பட்டு, மூன்று அட்டைப் பெட்டிகளிலும் ஒரு கோணிப் பையிலுமாகப் பிரிந்து, கடைசியில் உதிரிப்பாகமாக விற்கப்பட்ட வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன். அவற்றில் சில, கழற்றாமல் விட்டிருந்தால் இன்றும் முழு வண்டியாக நின்றிருக்கும். எனவே ஸ்பானரைத் தொடுவதற்கு முன்பே முடிவெடுக்க வேண்டும். அதற்கு என்னென்ன பார்க்க வேண்டும், எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்பதைப் புதியவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

வண்டியைப் பற்றிச் சில செய்திகளைத் தெரிந்துகொண்டால் பின்னால் வரும் சோதனைகள் விளங்கும். யமஹா 1973-இல் வெளியிட்ட ஆர்.டி. 350-ஐ அடிப்படையாகக் கொண்டு, எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1983-இல் இந்தியாவில் இதைக் கொண்டுவந்தது. இரண்டு சிலிண்டர், 347 சிசி, டூ-ஸ்ட்ரோக் இன்ஜின், ஆறு கியர். வெளிநாட்டு வண்டியில் முன்சக்கரத்தில் இருந்த டிஸ்க் பிரேக்குக்குப் பதிலாக இந்திய வண்டிக்கு டிரம் பிரேக் கொடுத்தார்கள். இன்ஜினின் திறனையும் குறைத்தார்கள். முதலில் வந்த, ஏறத்தாழ 30.5 குதிரைத்திறன் கொண்ட வண்டிகளை ‘எச்.டி.’ (ஹை டார்க்) என்றும், பெட்ரோல் சிக்கனத்துக்காகப் பின்னர் 27 குதிரைத்திறன் அளவுக்கு இறக்கப்பட்டவற்றை ‘எல்.டி.’ (லோ டார்க்) என்றும் ஆர்.டி. பிரியர்கள் பிரித்துச் சொல்வார்கள். மைலேஜையே முதலில் கேட்ட நாட்டில், அதுவும் 1985-இல் ஹீரோ ஹோண்டா சி.டி. 100 வந்தபிறகு, இந்த வண்டிக்கு வாங்குவோர் குறைந்தார்கள். எண்பதுகளின் இறுதியோடு அதன் காலம் முடிந்தது. ஆகவே இன்று உங்கள் கைக்கு வருவது எந்த ஆர்.டி.யானாலும் ஏறத்தாழ முப்பத்தைந்து வயதைக் கடந்ததாகவே இருக்கும்.

முதல் படி: எதையும் கழற்றாமல், கழுவாமல், நல்ல வெளிச்சத்தில் படம் எடுங்கள். ஒயர்கள் எந்த வழியாகப் போகின்றன, கேபிள் எந்தக் கிளிப்பில் மாட்டியிருக்கிறது, எந்த இடத்தில் எந்த போல்ட் இருக்கிறது என்பதெல்லாம் இன்று அற்பமாகத் தெரியும். ஓராண்டு கழித்துப் பூட்டும்போது இந்தப் படங்கள்தான் கைகொடுக்கும். தூசி படிந்த வண்டியில் ஆயில் எங்கே கசிந்திருக்கிறது என்பதும் தெளிவாகத் தெரியும். கழுவிவிட்டால் அந்தத் தடயம் போய்விடும்.

ஆவணங்கள்

இரண்டாவதாகப் பார்க்க வேண்டியது ஆர்.சி. புத்தகம். இதை இன்ஜினுக்கு முன்னால் வைப்பதற்குக் காரணம் உண்டு. வீணான இன்ஜினைப் பணம் செலவழித்துச் சரிசெய்துவிடலாம். ஆவணம் சிக்கலாக இருந்தால் எவ்வளவு பணம் போட்டாலும் அந்த வண்டி சாலைக்கு வராது.

சேஸிஸ் எண் ஸ்டீரிங் கழுத்திலும், இன்ஜின் எண் கிராங்க் கேஸ் எனப்படும் இன்ஜின் கூட்டின் மேல்பகுதியிலும் அடிக்கப்பட்டிருக்கும். அழுக்கை மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் மெதுவாகத் துடைத்து, எண்ணின் மேல் பென்சில் கரியைத் தேய்த்து, அதன்மேல் செல்லோடேப்பை ஒட்டி உரித்தெடுத்தால் எண் அப்படியே டேப்பில் பதிந்துவிடும். அந்த டேப்பை ஒரு வெள்ளைத் தாளில் ஒட்டி, ஆர்.சி.யில் இருக்கும் எண்ணோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள். எழுத்துகள் ஒரே உயரத்தில் இல்லாமல் ஏறி இறங்கியிருந்தாலோ, எண்ணைச் சுற்றிய இரும்பு மட்டும் அரம் போட்டதுபோல வழவழப்பாக இருந்தாலோ, வெல்டிங் தடம் தெரிந்தாலோ, அந்த வண்டியை வாங்காமல் விலகிவிடுவதே நல்லது. சேஸிஸ் எண் சரியாக இருந்து இன்ஜின் எண் மட்டும் மாறியிருந்தால் வழி உண்டு. ஆனால் அது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி அனுமதி பெற்று ஆர்.சி.யில் ஏற்றப்பட வேண்டிய மாற்றம் என்பதால், அந்த மாற்று இன்ஜின் முறையாக வாங்கப்பட்டது என்பதற்கான ஆதாரமும் கையில் இருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் 1989-க்கு முன் பதிவான வண்டிகளுக்கு ‘டி’ என்ற எழுத்தில் தொடங்கும் மூன்றெழுத்துப் பழைய எண்கள் இருக்கும். மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் அந்த எண்ணைத் தேடிப் பாருங்கள். வரவில்லை என்றால் உடனே கவலைப்பட வேண்டாம். அக்காலப் பதிவுகள் கையால் எழுதப்பட்ட பேரேடுகளில் இருந்தன. அவற்றில் சில இன்னும் கணினிக்கு மாற்றப்படாமல் இருக்கலாம். வண்டி முதலில் பதிவான வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு நேரில் போய், பேரேட்டில் பதிவு இருக்கிறதா, வேறு ஊருக்குத் தடையின்மைச் சான்று கொடுத்திருக்கிறார்களா, பதிவு ரத்தாகியிருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஆர்.சி. தொலைந்திருந்தால் காவல் நிலையத்தில் புகார் பதிந்து, படிவம் 26 மூலம் நகல் கேட்க வேண்டும். அந்த விண்ணப்பத்தைக் கொடுக்க வேண்டியவர் பதிவேட்டில் பெயருள்ள உரிமையாளர். அவர் எங்கே என்றே தெரியாது என்று விற்பவர் சொன்னால், அந்த வண்டியின் உண்மையான விலை உதிரிப்பாகங்களின் விலைதான்.

வண்டி உங்கள் தாத்தாவுடையதாகவோ அப்பாவுடையதாகவோ இருந்து அவர் இப்போது இல்லை என்றால், வாரிசுச் சான்றிதழோடு படிவம் 31 கொடுத்துப் பெயர் மாற்ற வேண்டும். சட்டம் இதற்கு மூன்று மாதக் கெடு வைத்திருக்கிறது. பல வீடுகளில் அது பத்து, இருபது ஆண்டுகளைத் தாண்டியிருக்கும். சித்தப்பா, அத்தை என்று எல்லா வாரிசுகளின் சம்மதமும் தேவைப்படும் என்பதால், வண்டியைப் பளபளவென்று ஆக்கிய பிறகு கேட்பதைவிடத் துருப்பிடித்துக் கிடக்கும்போதே கையெழுத்து வாங்கிவிடுவது உறவுக்கும் நல்லது.

அடுத்து, பதிவுப் புதுப்பிப்பு. சொந்த வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை வண்டியைக் காட்டிப் படிவம் 25 மூலம் புதுப்பிக்க வேண்டும். 2025-இல் வந்த திருத்தத்தின்படி 20 ஆண்டுகளைக் கடந்த மோட்டார் சைக்கிளுக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 2,000 ரூபாய். தாமதத்துக்கு மாதம் 300 ரூபாய் என்ற கூடுதல் கட்டணமும், பசுமை வரியும் தனி. நீண்ட காலம் புதுப்பிக்காமல் கிடந்த வண்டி என்றால் மொத்தம் எவ்வளவு வரும் என்பதை அலுவலகத்திலேயே கணக்கிடச் சொல்லி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

‘விண்டேஜ் வண்டிக்கு இதெல்லாம் வேண்டாமே’ என்று சிலர் சொல்வார்கள். அது இந்த வண்டிக்குப் பொருந்தாது. 2021-இல் வந்த மத்திய விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்த வண்டிகளே விண்டேஜ் என்ற பிரிவில் வரும். மிக முந்தைய ராஜ்தூத் 350 கூட 2033-இல்தான் அந்த வயதை எட்டும். அந்தப் பிரிவில் பதிவு செய்த வண்டியை அன்றாடப் பயன்பாட்டுக்கு ஓட்டவும் கூடாது.

என்ன இல்லை என்று பாருங்கள்

ஆவணம் தேறினால், ஒரு நோட்டை எடுத்து மூன்று பத்திகளாகக் கோடு போடுங்கள்: வண்டியில் இருப்பவை, கடையில் கிடைப்பவை, எங்கும் எளிதில் கிடைக்காதவை. இந்த மூன்றாவது பத்திதான் உங்கள் முடிவைத் தீர்மானிக்கும். புதியவர்கள் துருவைப் பார்த்து மிரள்கிறார்கள். மங்கிய பெயின்டைப் பார்த்து விலையைக் குறைத்துக் கேட்கிறார்கள். துருவும் பெயின்டும் கூலி கொடுத்தால் தீரும் வேலைகள். இல்லாத பாகத்தைக் கூலி கொடுத்து வரவழைக்க முடியாது.

பேரிங், ஆயில் சீல், கேபிள், கிளட்ச் பிளேட், பிரேக் ஷூ, செயின், ஸ்பிராக்கெட், டயர் ஆகியவை இல்லை என்றால் வருந்த வேண்டாம். இவற்றுக்கு அசலோ மாற்றோ கிடைத்துவிடும். ஆனால் ஸ்பீடோ மீட்டரும் ஆர்.பி.எம். மீட்டரும் சேர்ந்த ஜோடி, இரண்டு அசல் சைலன்சர்கள், ஆயில் டேங்க், பக்கவாட்டு மூடிகள், முன்பிரேக்கின் இரட்டை லீடிங் ஷூ பிளேட், ஒன்றுக்கொன்று பொருந்திய இரண்டு கார்புரேட்டர்கள், ஏர் ஃபில்டர் பெட்டி, ஹேண்டில்பார் சுவிட்சுகள் ஆகியவற்றில் நான்கைந்து இல்லை என்றால், அவற்றைத் தேடுவதற்கே இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகலாம். சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிப்பாகக் கடைகளில் பொறுமையாக அலைந்தால் சில கிடைக்கும். கிடைப்பதற்கு விற்பவர் சொல்வதுதான் விலை.

சைலன்சரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டியில் பழகியவர்கள் அதை வெறும் புகைக்குழாயாக நினைப்பார்கள். டூ-ஸ்ட்ரோக் இன்ஜினில் எக்ஸாஸ்ட் வழியாக வெளியேறும் அழுத்த அலை, குழாயின் உள்வடிவத்தில் மோதித் திரும்பி வந்து, எரியாமல் வெளியே நழுவும் பெட்ரோல் கலவையைச் சிலிண்டருக்குள் திருப்பித் தள்ளுகிறது. குழாய் எங்கே விரிகிறது, எங்கே குறுகுகிறது என்பதைப் பொறுத்தே எந்த வேகத்தில் இழுவை கிடைக்கும் என்பது அமைகிறது. பார்வைக்கு அசல்போலவே இருக்கும் மலிவான நகல் சைலன்சரை மாட்டினால் வண்டி ஓடும், ஆனால் ஆர்.டி.யைப்போல ஓடாது. அசல் சைலன்சர் இரண்டும் ஓட்டை விழாமல் இருந்தால் அந்த வண்டிக்குக் கூடுதல் விலை கொடுப்பதில் தவறில்லை என்பது என் கருத்து.

இன்னொரு பாகம் ஆட்டோலூப் பம்ப். பெட்ரோலில் ஆயிலைக் கலக்க வேண்டிய தேவையில்லாமல், ஆக்ஸிலேட்டரின் அளவுக்கேற்ப ஆயிலை இன்ஜினுக்கு அனுப்பும் சிறு பம்ப் இது. பழுதானபோது பலர் இதைக் கழற்றி எறிந்துவிட்டு, பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்து ஓட்டினார்கள். பம்ப் இல்லாத வண்டி ஓடும். ஆனால் பம்ப் நின்றதை யாராவது கவனிப்பதற்குள் இன்ஜின் ஒருமுறையாவது பிஸ்டன் சிலிண்டரில் இறுகிச் சீஸ் ஆகியிருக்க வாய்ப்பு அதிகம் என்பதால், அப்படிப்பட்ட வண்டியில் சிலிண்டரைக் கூடுதல் கவனத்தோடு பாருங்கள்.

இன்ஜினை அறிவது

பல ஆண்டு நின்ற இன்ஜினை எடுத்த எடுப்பில் கிக்கரை மிதித்து உதைக்காதீர்கள். ரிங் சிலிண்டரோடு ஒட்டியிருந்தால் அந்த ஒரு மிதியிலேயே ரிங் உடைந்து சிலிண்டரைக் கீறிவிடும். இரண்டு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஸ்பூன் ஆயில் ஊற்றி, ஒருநாள் அப்படியே விட்டுவிடுங்கள். மறுநாள் கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். சுற்றினால் நல்லது. சுற்றவில்லை என்றாலும் வண்டியைக் கைவிடத் தேவையில்லை. சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றிப் பார்க்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

இன்ஜின் சுற்றினால், பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டான கிராங்கின் நிலையை வீட்டிலேயே ஓரளவு கணித்துவிடலாம். இடப்பக்க மூடியைக் கழற்றினால் கிராங்கின் முனையில் உள்ள போல்ட்டை ஸ்பானரால் திருப்ப முடியும். ஒரு சிலிண்டரின் பிஸ்டனைப் பாதித் தூரத்துக்குக் கொண்டுவந்து, பிளக் துளை வழியாக ஒரு நீளமான பிளாஸ்டிக் குழலை அதன் தலைமேல் படும்படி நிறுத்துங்கள். இப்போது கிராங்கை முன்னும் பின்னுமாக மிகச் சிறிதளவு அசைத்துப் பாருங்கள். ஸ்பானர் அசையும்போதே குழலும் அசைந்தால் பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங் இறுக்கமாக இருக்கிறது. ஸ்பானர் சற்றுத் தூரம் சும்மா போய், விரல் நுனியில் ‘டக்’ என்ற ஒரு சிறு தட்டலை உணர்ந்த பிறகே குழல் எழுந்தால், அந்தப் பக்கம் பேரிங் தேய்ந்துவிட்டது. இரண்டு சிலிண்டரிலும் தனித்தனியாகச் செய்து பாருங்கள். இந்த இன்ஜினின் கிராங்க் பல துண்டுகளாக அழுத்திச் சேர்க்கப்பட்டது. அதைப் பிரித்து, புதிய ராடு போட்டு, மறுபடி அழுத்தி, டயல் கேஜில் வைத்து ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்குக்குள் நேராக்கத் தெரிந்த லேத்காரர்கள் எல்லா ஊரிலும் இல்லை. உங்களுக்கு எட்டும் தூரத்தில் அப்படி ஒருவர் இருக்கிறாரா என்பதை இந்தக் கட்டத்திலேயே விசாரித்துவிடுங்கள்.

பிறகு, விற்பவர் அனுமதித்தால், ஹெட்டைக் கழற்றிப் பிஸ்டன் தலையைப் பாருங்கள். கரியைச் சுரண்டினால் 25, 50, 75 அல்லது 100 என்ற எண் தெரியலாம். சிலிண்டரின் உட்புறத்தை எத்தனை முறை கடைந்து பெரிதாக்கி, அதாவது போரிங் செய்திருக்கிறார்கள் என்பதன் கணக்கு அது, 0.25 மில்லிமீட்டரில் தொடங்கி ஒரு மில்லிமீட்டர் வரை பெரிதாக்கிய பிஸ்டன்கள் உண்டு. இந்த இன்ஜினின் அசல் போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 64 மில்லிமீட்டர். எண் எதுவும் இல்லாமல் அசல் அளவிலேயே இருந்தால் மகிழ்ச்சி கொள்ளுங்கள். 100 என்றிருந்தால், அடுத்த போரிங்குக்கு இடமில்லை. சிலிண்டருக்குள் புதிய உட்குழாய் (ஸ்லீவ்) இறக்கும் செலவைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஓடும் நிலையில் உள்ள வண்டி என்றால் புகையைக் கவனிக்க வேண்டும். நெடுநாள் நின்ற டூ-ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் ஆயில் சீல்கள் காய்ந்து விறைத்துவிடும். கிளட்ச் பக்கத்துச் சீல் போனால் கியர் ஆயில் உள்ளே இழுக்கப்பட்டு, சூடேறிய பிறகும் அடர்த்தியான வெண்புகை நிற்காது. கியர் ஆயிலின் அளவும் குறைந்துகொண்டே வரும். மறுபக்கச் சீல் போனால் புகை வராது, ஆனால் அதுதான் ஆபத்து. வெளிக்காற்று உள்ளே புகுந்து பெட்ரோல் கலவை மெலிந்து, வேகமாகப் போகும்போது பிஸ்டன் சூடேறிச் சீஸ் ஆகிவிடும். ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகும் இன்ஜின் வேகம் இறங்காமல் இரைந்துகொண்டே இருப்பது அதன் அறிகுறிகளில் ஒன்று.

செயின் ஸ்பிராக்கெட் மூடியின் பின்புறம் கிராங்க் கேஸில் வெல்டிங் வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். ஓடும்போது அறுந்த செயின் சுருண்டு அடித்து அந்த இடம் உடைவது உண்டு. இன்ஜின் எண் அந்தக் கேஸில்தான் இருக்கிறது என்பதால், அதை மாற்றினால் மறுபடியும் ஆவணச் சிக்கலில் வந்து நிற்பீர்கள்.

ஃபிரேமும் டேங்கும்

ஃபிரேமுக்கு ஒரு நீளமான நூல் போதும். ஸ்டீரிங்கை நேராக வைத்து, பின்சக்கரத்தின் இருபுறமும் நூலை இழுத்து முன்சக்கரம் வரை பிடித்தால், இரண்டு பக்கத்து இடைவெளியும் ஒன்றாக இருக்க வேண்டும். வித்தியாசம் இருந்தால் ஃபிரேமோ ஃபோர்க்கோ வளைந்திருக்கிறது. டேங்கின் உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். அடிப்புறத்தைக் கையால் தடவிப் பாருங்கள். எம்-சீல் வைத்து மூடிய மேடுகள் விரலுக்குத் தட்டுப்படும். இப்போதைய பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்திருப்பதால், பழைய ரப்பர் குழாய்களையும் சீல்களையும் எப்படியும் மாற்ற வேண்டியிருக்கும். அதை ஒரு செலவாகவே எழுதிவிடுங்கள்.

பணமும் ஆளும்

நோட்டில் உள்ள இரண்டாவது, மூன்றாவது பத்திகளுக்கு எதிரே விலையை எழுதுங்கள். ஊகித்து எழுத வேண்டாம். லேத்காரர், குரோம் பூச்சுப் போடுபவர், டிங்கர், பெயின்டர் என்று ஒவ்வொருவரிடமும் பொருளைக் காட்டிக் கேட்டு எழுதுங்கள். இறுதித் தொகை, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் இன்னொரு ஆர்.டி.யின் விலையைத் தாண்டினால், வேறு காரணம் இல்லாதவரை அந்த வண்டியைச் சீரமைக்க வேண்டாம் என்பேன். வேறு காரணம் என்று நான் சொல்வது, அது உங்கள் வீட்டு வண்டியாக இருப்பது. அப்பா பின்னால் உட்காரவைத்துப் பள்ளிக்கு அழைத்துப்போன வண்டிக்கு ஈடாக இன்னொன்றை வாங்க முடியாது. அங்கே இந்தக் கணக்கு செல்லாது, செல்லவும் வேண்டாம்.

வேலையை வெளியே கொடுக்கும்போது நான் பட்ட ஒரு பாட்டைச் சொல்கிறேன். என் முதல் வண்டியின் கிராங்க் கேஸை ஒரு பட்டறையில் மெருகேற்றும் பஃபிங் வேலைக்குக் கொடுத்தேன். கண்ணாடிபோலத் திரும்பி வந்தது. வீட்டில் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோது இன்ஜின் எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் பாதிக்கும்மேல் தேய்ந்து போயிருந்தன. புதுப்பிப்புக்குக் கொண்டுபோனபோது ஆய்வாளர் அதைப் பார்த்து நியாயமாகவே சந்தேகப்பட்டார். கழற்றும் முன் எடுத்துவைத்திருந்த பென்சில் பதிவும், தேதியோடு இருந்த படங்களும் இல்லாவிட்டால் அந்த வண்டி அங்கேயே நின்றிருக்கும். அன்றிலிருந்து, எண் உள்ள எந்தப் பாகத்தைக் கொடுத்தாலும் எண்ணின்மேல் தடித்த டேப்பை நான்கு சுற்று ஒட்டி, ‘இங்கே தொட வேண்டாம்’ என்று எழுதி, வேலையை வாங்கிக்கொள்பவரிடமே காட்டிவிட்டு வருகிறேன்.

மூன்று முடிவுகள்

கையில் இப்போது ஆவணத்தின் நிலை, இல்லாத பாகங்களின் பட்டியல், இன்ஜினின் நிலை, மொத்தச் செலவு ஆகிய நான்கும் இருக்கின்றன. முழுச் சீரமைப்பு என்பது இவற்றிலிருந்து வரக்கூடிய முடிவுகளில் ஒன்றுதான். ஆவணம் சரியாக இருந்து, மூன்றாவது பத்தியில் ஓரிரு பாகங்களே இருந்து, பெயின்ட் முழுவதும் போயிருந்தால் அதைச் செய்யலாம்.

வண்டி முழுமையாக இருந்து, தொழிற்சாலையில் அடித்த பெயின்ட் மங்கியேனும் ஒட்டிக்கொண்டிருந்தால், பெயின்டைத் தொடாமல் சீல், பேரிங், பிரேக், ஒயரிங், டயர் ஆகியவற்றை மட்டும் சரிசெய்து ஓட்டுங்கள் என்பதே என் ஆலோசனை. நாற்பது ஆண்டு வெயிலைத் தாங்கிய அந்த பெயின்டையும் ஸ்டிக்கரையும் சுரண்டி எடுத்தபின், எந்தப் பெயின்டராலும் திரும்பக் கொண்டுவர முடியாது. புதியவர்கள் பெரும்பாலும் இந்த வழியை யோசிப்பதே இல்லை. செலவும் குறைவு, வண்டி சில மாதங்களில் ஓடத் தொடங்கும், பிறகு விரும்பினால் முழுச் சீரமைப்புக்கும் போகலாம்.

மூன்றாவது முடிவு, இப்போது வேண்டாம் என்பது. பணமோ இடமோ நேரமோ இல்லாதபோது இதுவே சரியான முடிவு. ஆனால் பழையபடி தார்ப்பாயைப் போர்த்திவிட்டு வந்துவிடக் கூடாது. டேங்கிலும் கார்புரேட்டரிலும் உள்ள பெட்ரோலை வடித்துவிட்டு, டேங்கின் உள்ளே சிறிது ஆயில் ஊற்றிக் குலுக்கி வையுங்கள். பிளக் துளை வழியாக ஆயில் விட்டு, மாதம் ஒருமுறை கிக்கரைக் கையால் அழுத்தி இன்ஜினைச் சுற்றி, வேறொரு நிலையில் நிறுத்துங்கள். சைலன்சரின் வாயில் துணியை அடைத்து வையுங்கள், எலி கூடு கட்டாது. சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, முன்புறம் ஒரு கட்டையை வைத்து இரண்டு டயரும் தரையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காற்றுப் புகாத தார்ப்பாய்க்குப் பதிலாகப் பழைய பருத்திப் போர்வையைப் போர்த்துங்கள். ஈரம் உள்ளே தங்காது. ஆர்.சி. புத்தகத்தையும், பென்சில் பதிவு ஒட்டிய தாளையும், அந்த நோட்டையும் வண்டியோடு வைக்காமல் வீட்டு பீரோவில் பூட்டி வையுங்கள்.